கூட்டம் வரும் நாளைக் குறித்துவிட்டு விதையுங்கள்: தருமபுரி விவசாயிகளுக்கு ஒரு திருவிழாக் காலப் பயிர்த் திட்டம்

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழும் நாட்களில், பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுகிறோம். அதே நாளில் சேலத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வந்த கார்களும் வேன்களும் நம் வயல் ஓரமாகவே ஒகேனக்கல்லுக்குப் போய்த் திரும்புகின்றன. அதில் வருபவர்கள் பணம் செலவழிக்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆனால் நம் ஊர் விளைபொருளில் ஒரு கிலோகூட அவர்கள் பையில் ஏறுவதில்லை. சாலையோரம் கிடைக்கும் சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாரானவை.

உடனே தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சுற்றுலா வந்தவர் பத்து கிலோ தக்காளி வாங்க மாட்டார். வெயிலில் மூன்று மணி நேரம் காரில் கிடந்தால் நசுங்கிவிடும் என்று அவருக்கும் தெரியும். வந்து போகிறவருக்கு விற்பதற்கென்று சில பொருட்கள் இருக்கின்றன, அவற்றுக்கென்று சில நாட்களும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் எந்த நாளில், எந்த ஊருக்கு, எப்படிப்பட்ட கூட்டம் வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பைத் தீர்மானியுங்கள். அன்று கூட்டம் வராமல் போனாலும் கெடாமல் காத்திருக்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம். ஏன் என்பதை ஒகேனக்கல்லே சொல்லும்.

ஆடிப்பெருக்கை நம்பி அறுவடை செய்யலாமா?

ஒகேனக்கல்லுக்கு ஆண்டு முழுக்க ஆட்கள் வருகிறார்கள். ஏப்ரல், மே கோடை விடுமுறையில் வார இறுதி நாட்களில் பரிசல் துறையில் இடம் கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வழியில் நிறுத்திக் குளித்துவிட்டுப் போகிறார்கள். பொங்கலை ஒட்டியும் கூட்டம் உண்டு. இவை எல்லாவற்றிலும் பெரிய நாள் ஆடி 18. ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதி வரும். அரசு விழாவும் அப்போதுதான் நடக்கிறது.

ஆனால் இந்த நாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆடியில்தான் வயநாட்டிலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். வயநாட்டு மழை கபினி அணையையும், குடகு மழை கிருஷ்ணராஜசாகர் அணையையும் நிரப்பும். அணை நிரம்பியதும் உபரி நீரைத் திறப்பார்கள். அது பிலிகுண்டுலுவைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வந்து, பிறகு மேட்டூருக்குப் போகிறது. ஆக, எந்த மழை ஆடிப்பெருக்குக்கு அழகு சேர்க்கிறதோ அதே மழைதான் அருவியில் குளிக்கத் தடையும் கொண்டுவருகிறது. 2024-ல் ஆடிப்பெருக்கு வேளையில் காவிரியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. இப்படிப்பட்ட நாட்களில் வண்டிகள் மடம் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பப்படும்.

ஆடி 18-ஐ மட்டும் நம்பி ஒரு வேன் நிறைய பூவும் இளநீரும் இறக்கி வைத்தவருக்கு அன்று என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு எளிய முன்னெச்சரிக்கை உண்டு. ஜூலை கடைசி வாரத்தில் தினமும் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளின் நீர் இருப்பையும் வெளியேற்றத்தையும் செய்தியில் பாருங்கள். மேட்டூர் பாசன விவசாயிகள் பார்ப்பது போல நீங்களும் பார்க்க வேண்டும். இரண்டு அணைகளும் நிரம்பி, உபரி நீர் திறப்பு ஏறிக்கொண்டே போனால், அந்தத் தண்ணீர் இரண்டொரு நாளில் ஒகேனக்கல்லைத் தொடும். அறுவடை ஆட்களைக் கூப்பிடும் முன் இந்த ஒரு தகவலைப் பார்த்தால் போதும், பெரிய நட்டத்தைத் தவிர்க்கலாம். குளிக்கத் தடை வந்தால் பூவைத் தருமபுரி பூ மார்க்கெட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஆடி 18 எல்லா ஊர் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கொண்டாடப்படுவதால் பூவுக்கு அங்கே தேவை இருக்கும்.

செண்டுமல்லி போட நினைப்பவர்கள் கணக்கு இது: நாற்றங்காலில் 25 முதல் 30 நாள், நடவுக்குப் பின் ஏறத்தாழ 60 நாளில் பூ. ஆடி 18-க்குப் பூ வேண்டுமென்றால் மே முதல் வாரத்திலேயே விதை விழ வேண்டும். கோடையில் சொட்டுநீர் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு ஆயுத பூஜைப் பூவே பாதுகாப்பு. ஜூலை முதல் வாரம் விதைத்தால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒகேனக்கல் சாலையில் விற்க எனக்குப் பிடித்த பொருள் பூவோ பழமோ அல்ல, ராகி மாவு. நமக்கு அன்றாடம் களி. வெளியூர்க்காரருக்கு அது இப்போது தேடி வாங்கும் பொருள். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு 49 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அரசுக் கொள்முதல் நிலையத்தில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது உறுதியான வருமானம். ஆனால் ஐந்து மூட்டை ராகியைக் கல், மண் நீக்கி, கழுவிக் காயவைத்து, முளைகட்டியோ வறுத்தோ அரைத்து ஒரு கிலோ பையாகக் கட்டினால் என்ன விலை போகும் என்று பக்கத்து ஊர் மளிகைக் கடையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு அரைவைக் கூலி, பை, லேபிள் செலவைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். கூட்டம் வராவிட்டாலும் அந்தப் பை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அப்படியே இருக்கும்.

கம்பு மாவு அப்படியல்ல. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்த சில நாட்களில் காறல் வாடை வந்துவிடும். கம்பைத் தானியமாகவோ, கோடையில் அன்றன்று கரைத்த கூழாகவோ மட்டும் விற்கலாம். ஒருமுறை காறல் மாவு வாங்கிப் போனவர் மறுமுறை உங்கள் கடையில் நிறுத்த மாட்டார்.

அதியமான்கோட்டையில் மாதம் தவறாத கூட்டம்

ஒகேனக்கல்லுக்கு நேர்மாறானது அதியமான்கோட்டை காலபைரவர் கோயில். இங்கே கூட்டம் மாதம் தவறாது. தேய்பிறை அஷ்டமி அன்று வெளி மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். சாம்பல் பூசணியை இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கு ஏற்றுவது இங்கே வழக்கம். கார்த்திகை மாதத் தேய்பிறை அஷ்டமி பைரவருக்கு உகந்த நாள் என்பதால் அன்று கூட்டம் பல மடங்கு.

ஒரு கோயில், ஒரே காய், தேதி முன்கூட்டியே தெரியும். விவசாயிக்கு இதைவிடத் தெளிவான சந்தை கிடைப்பது அரிது. நாட்காட்டியில் பன்னிரண்டு அஷ்டமிகளையும் இன்றே வட்டமிட்டு வையுங்கள்.

இங்கே ரகத் தேர்வுதான் வருமானத்தைத் தீர்மானிக்கும். சமையலுக்குப் பெரிய காயைத் தேடுவோம். ஆனால் விளக்குக்கு வாங்குபவர் அதைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்ற வேண்டும். ஏழெட்டு கிலோ காயை யாரும் விரும்ப மாட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் இரண்டரை முதல் மூன்று கிலோ அளவில் சிறிய காயாக வரும், வயதும் 120 நாட்கள்தான். கோ 1 ரகத்துக்கு 140 முதல் 150 நாட்கள் ஆகும், காயும் பெரிது. அது ஓட்டல்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போகட்டும். இங்கே காய்க்கு இவ்வளவு என்று எண்ணிக்கையில்தான் பேரம் நடக்கும். சிறிய காய் ரகத்தில் ஒரே நிலத்தில் எண்ணிக்கை கூடுகிறது, அதுவே உங்கள் லாபம்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். கார்த்திகை என்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. கோ 2 ரகத்துக்கு 120 நாள், முற்றிய காயைப் பறித்து ஆறவைக்க இன்னும் ஒரு வாரம். ஜூலை முதல் வாரத்தில் விதை குழியில் இருக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஓரடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, தொழுவுரம் இட்டு, குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் நல்ல செடி இரண்டை மட்டும் விடுங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். செடி இரண்டு இலை விட்டதிலிருந்து வாரம் ஒருமுறை, நான்கு முறை எத்ரல் தெளித்தால் பெண் பூக்கள் கூடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி மட்டும். அளவு மீறினால் கொடி குறுகிப்போகும். பழ ஈ தாக்கினால் காயில் ஓட்டை விழுந்து அழுகும், அந்தக் காய் விளக்குக்கு ஆகாது. ஆகவே பூ விட்டதுமே பழ ஈ பொறி வைத்துவிடுங்கள். கொட்டிய காய்களைப் பொறுக்கிக் குழியில் புதைக்க வேண்டும், வரப்பில் எறிந்தால் ஈ பெருகும்.

காயின் மேல் வெள்ளைச் சாம்பல் நன்றாகப் படிந்த பிறகே காம்போடு சேர்த்து அறுங்கள். அந்தச் சாம்பலைத் துடைக்கக் கூடாது. அதுதான் காயைக் காக்கும் மெழுகுப் பூச்சு. காற்றோட்டமான கொட்டகையில் வைக்கோல் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசையாக வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. எனவே மாதாமாதம் விதைக்க வேண்டியதில்லை. ஜூலையில் ஒரு விதைப்பு, ஜனவரியில் ஒரு விதைப்பு. முதலாவது கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை தாங்கும். இரண்டாவது மே மாதம் அறுவடையாகி ஆடி வரை வரும். நடுவில் உள்ள இரண்டு மூன்று அஷ்டமிகளுக்கு மே மாதக் கடைசியில் முப்பது நாற்பது குழி தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பூசணி போட்டால் விலை விழாதா என்று கேட்பீர்கள். விழும். கோயில் ஒன்று, அஷ்டமி மாதத்துக்கு ஒன்று. அதனால் ஒரு குடும்பத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல் இதற்காகப் போட நான் பரிந்துரைக்க மாட்டேன். அதியமான்கோட்டை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ ஆர்வலர் குழுவிலோ பேசி, யார் எந்த மாதத்துக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டால் எல்லோருக்கும் கட்டும்.

அதியமான்கோட்டைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. ஒளவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி ஈந்த கதை தெரியாத தமிழர் இல்லை. அதியமான் கோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் ஒவ்வொரு ஆசிரியரும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார். நெல்லி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காய்க்கும், மானாவாரியிலும் வரும். அந்த ஊரில் கால் கிலோ நெல்லிக்காயைப் பனையோலைப் பெட்டியில் போட்டு வைத்தால் விளம்பரமே தேவையில்லை. பறித்த காய் மிஞ்சினால் தேனிலோ உப்பிலோ ஊறப்போடலாம், வீணாகாது.

மாசியில் தீர்த்தமலை, மாசியில் புளி

அரூர் பக்கம் தீர்த்தமலையில் தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்கு மலையேறி வருபவர்கள் ராமர் தீர்த்தம் முதலான தீர்த்தங்களில் நீராடுகிறார்கள். மகா சிவராத்திரியும் மாசித் தேரோட்டமும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் புளி உலுக்கும் காலமும் அதுவேதான். இப்படித் தானாக அமைந்த பொருத்தத்தை நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை. உலுக்கிய புளியை ஓட்டோடு வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம். சிலர் பிஞ்சிலேயே மரத்தைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். கையில் காசு இல்லாத நேரத்தில் அது தவிர்க்க முடியாதது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு மரம் இருந்தால் ஒரு மரத்தையாவது உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடு தானாக நொறுங்கும் அளவு முற்றிய பழத்தை மட்டும் எடுத்து, ஓடு, நார், கொட்டை நீக்கி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, அரை கிலோ, ஒரு கிலோ உருண்டையாக அழுத்திக் கட்டுங்கள். ஈரம் இருந்தாலும், சூடான இடத்தில் வைத்தாலும் புளி சீக்கிரம் கறுத்துவிடும். புதுப் புளியின் செந்நிறத்தைப் பார்த்துத்தான் நகரத்துப் பெண்கள் வாங்குகிறார்கள். தேர் முடிந்து மிஞ்சினால் மண்பானையிலோ உணவுக்கு ஏற்ற உறையிலோ காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, கோடையில் ஒகேனக்கல் சாலையில் விற்கலாம். வெயிலில் திறந்து போட்டுத் தூசி படிய விற்பதை மட்டும் செய்யாதீர்கள்.

அதற்கு முன்பே தை மாதத்தில் தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத் தேர் வருகிறது. பெண்களே வடம் பிடித்து இழுக்கும் தேர் அது. அது நகரத்துக் கூட்டம், விளைபொருள் விற்பனைக்கு அவ்வளவு ஏற்றதல்ல. வாழைப்பழம், பூ, வெல்லம் போன்றவை போகும்.

பெங்களூரு கார்களுக்கு மார்கழி அவரை

தேசிய நெடுஞ்சாலை 44-ல் மார்கழி, தை மாதங்களில் தெற்கே கோயில்களுக்குப் போய்வரும் பெங்களூருக்காரர்கள் ஏராளம். அவர்கள் பச்சை அவரைப் பருப்புக்கு உயிரை விடுவார்கள். ஜனவரியில் அங்கே அவரேகாய் மேளா என்றே தனித் திருவிழா நடக்கிறது, தோசை முதல் இனிப்பு வரை அவரையில் செய்து விற்பார்கள். நம் பகுதியில் ராகிக்குள் ஊடுபயிராக நாம் விதைக்கும் அதே அவரைதான். பகல் பொழுது குறுகும் காலத்தில் பூத்து, பனி விழும்போது காய்க்கும் நாட்டு ரகங்களுக்கு அந்த மணம் இருக்கிறது. மணத்துக்காகவே வாங்குகிறவர்களிடம் அந்த ரகத்தை விற்காமல், எல்லாவற்றையும் காயவிட்டு மொச்சையாக்கி மூட்டை விலைக்குக் கொடுக்கிறோம். முதல் இரண்டு பறிப்பைப் பச்சைக் காயாக விற்றுவிட்டு, மீதியைக் காயவிடுங்கள். விற்காத காய் செடியிலேயே முற்றி மொச்சையாகும் என்பதால் இதிலும் நட்டம் கிடையாது.

கோடையில் மாம்பழம்: கல் வைக்காதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வருபவர்கள் எதிர்பார்ப்பது மாம்பழம். செந்தூரா, அல்போன்சா, பங்கனபள்ளி ஆகியவை விடுமுறைக்குள் வந்துவிடும். கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெங்களூரா பெரும்பாலும் பள்ளி திறந்த பிறகுதான் வருகிறது. ஆகவே புதிதாகக் கன்று வைப்பவர்கள் எல்லா மரத்தையும் பெங்களூராவாகவே வைக்க வேண்டாம். தொழிற்சாலை விலை குறைத்தால் உங்களுக்கு வேறு வழியே இருக்காது. வரப்போரம் பத்து செந்தூராவும் ஐந்து மல்கோவாவும் இருக்கட்டும்.

கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். மேல்தோல் மஞ்சளாகும், உள்ளே புளிக்கும். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு. குறைந்த அளவு விற்பவர்களுக்கு அதுவும் தேவையில்லை. காம்பு ஒரு விரற்கடை அளவு இருக்கும்படி பறித்து, கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து, ஆறவைத்து வைக்கோலில் அடுக்குங்கள். காம்பழுகலும் கரும்புள்ளியும் குறையும். ஐந்தாறு நாளில் பழுக்கும். சனிக்கிழமை விற்க வேண்டுமானால் அதற்கு முந்தைய ஞாயிறு, திங்களில் பறிக்க வேண்டும்.

வத்தல்மலையும் சித்தேரியும்

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்த பிறகு வத்தல்மலைக்கு விடுமுறை நாட்களில் இருசக்கர வாகனங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. காப்பியும் மிளகும் பலாவும் சாமையும் அங்கே விளைகின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம், அதைத் தொடர்ந்து மிளகு. மலை குளிர்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் ஆட்களும் வருகிறார்கள்.

வந்தவர் காப்பிப் பழத்தை வாங்க மாட்டார். வறுத்து அரைத்த பொடியைத்தான் வாங்குவார். முழுக்கச் சிவந்த பழத்தை மட்டும் பறித்துக் காயவைத்து, சுய உதவிக் குழு மூலம் ஒரே இடத்தில் வறுத்து அரைத்தால் சுவை ஒரே மாதிரி இருக்கும். மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயவைத்தால் ஒரே சீராகக் கறுத்து, சீக்கிரம் காயும். சாமையைத் தானியமாகவே வைத்திருந்து, இரண்டு வாரத்துக்கு விற்கும் அளவு மட்டும் அரிசியாகத் தீட்டுங்கள். தீட்டிய அரிசி நாள்பட்டால் வாடை மாறும். சித்தேரியிலும் இதே முறைதான், அங்கே சாமைக்கும் தேனுக்கும் கேட்பு அதிகம். காப்புக்காட்டில் எடுக்கும் பொருட்களுக்கு வனத்துறை விதிகள் உண்டு, கிராம வனக்குழுவில் கேட்டுக்கொண்டு விற்பது நல்லது.

தங்கும் அறை கட்டலாமா என்று மலைக் கிராமக் கூட்டங்களில் இளைஞர்கள் கேட்கிறார்கள். இத்தாலியில் 1985-லேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் வந்தது. தங்கவைப்பதும் உணவளிப்பதும் விவசாயத்துக்குத் துணைத்தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மகாராஷ்டிரம் 2020-ல் வேளாண் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. நம் மலையிலும் அந்த வரிசையில் போவதே சரி. முதலில் சாப்பாடு: முன்கூட்டிச் சொல்லி வருபவர்களுக்குக் களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு. ஒரு வருடம் அது ஒழுங்காக நடந்தால், இருக்கும் வீட்டில் ஒரு அறையைச் சுத்தமாக்கி, கழிப்பறை வசதி செய்து, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் பதிவு முறையைக் கேட்டுத் தொடங்கலாம். கடன் வாங்கி விடுதி கட்டும் வேலை வேண்டாம். நிலத்தைக் கேட்டு வெளியாட்கள் வந்தால், அட்வான்ஸ் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மிளகுக்கொடி ஏறிய நிலம் போனால் பிறகு அதே இடத்தில் காவலாளி வேலைதான் மிஞ்சும்.

கடை போடும் இடமும் காகிதமும்

போகும்போது யாரும் வாங்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். ஆகவே ஒகேனக்கல்லிலிருந்து தருமபுரி நோக்கி வரும் வண்டிக்கு இடதுபுறம், நேர்ச்சாலையில், வண்டி ஒதுங்க இடமுள்ள பட்டா நிலத்தில் பந்தல் போடுங்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து இருட்டும்வரை வியாபார நேரம். வளைவுகளிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வேண்டவே வேண்டாம். தொப்பூர் கணவாய் விபத்துகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பென்னாகரத்தைத் தாண்டிய காட்டுப் பகுதியில் வனத்துறை அனுமதிக்காது.

வயலில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. மாவு, ஊறுகாய், காப்பிப் பொடி, சமைத்த உணவு என்று மாற்றி விற்றால் பதிவு வேண்டும். சிறு வியாபாரிக்குப் பதிவுக் கட்டணம் குறைவுதான். பொட்டலத்தில் பெயர், ஊர், எடை, விலை, தயாரித்த தேதி இருக்க வேண்டும். தராசில் அரசு முத்திரை வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருப்பதால், துணிப்பை அல்லது காகிதப்பை வைத்துக்கொள்ளுங்கள். பைக்குத் தனியாக ஐந்து ரூபாய் கேட்டால் கொடுக்கிறார்கள்.

விலையைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். கார் பெரிதாக இருக்கிறது என்று விலையைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஒரு சாலையையே கெடுத்துவிடும்.

இந்த முறையில் இறங்கும் முதல் ஆண்டில் உங்கள் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயணிகளை நம்பி ஒதுக்க வேண்டாம். மீதி வழக்கம்போல் உழவர் சந்தைக்கோ, கொள்முதல் நிலையத்துக்கோ, வியாபாரிக்கோ போகட்டும். எந்த நாளில் எவ்வளவு கொண்டுபோனீர்கள், எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் இரண்டாம் ஆண்டுக்கு அதுவே வழிகாட்டி.

சாம்பல் பூசணி விதை, மதிப்புக்கூட்டல் பயிற்சி, மண் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். கார்த்திகை அஷ்டமிக்குப் பூசணி போட நினைப்பவர்கள் ஜூன் மாதத்திலேயே விதைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.